ஜூன் மாத விறகு

ராஸ் தன் அப்பாவின் கோட்டுப் பைகளை நாலாவது தடவையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கைக்குட்டை, இரண்டு இருமல் மிட்டாய், மழுங்கிப்போன ஒரு பென்சில். லிஸ்ட் இல்லை.

"பர்ஸ்ல பாத்தியா?" சமையலறையிலிருந்து ட்ரெவ் கேட்டார். சேவை கிளப்பின் செயலாளர். அப்பாவுக்கு ஐம்பது வருஷக் கூட்டாளி. அடக்கத்துக்கென்று போட்டுக்கொண்டு வந்த கறுப்புக் கோட்டு அவரை அக்குளில் பிடித்தது.

"பர்ஸ்ல, பைபிள்ல, வண்டில, மருந்து டப்பால பாத்தாச்சு. கோழிக் கூண்டக்கூட விடல."

"ஸ்னோகிட்ட குடுத்திருப்பான்னு நான் இருந்துட்டேன்."

"ஸ்னோ நேத்து வந்தார். உங்ககிட்ட குடுத்திருப்பார்னு அவர் இருந்துட்டாராம்."

"நாசமாப் போச்சு," என்றார் ட்ரெவ். டீயைக் கீழே வைத்தார்.

எங்கள் ஊர் ப்ரென்னக்கில் ஜூன் பிறந்தால் காலை பத்து மணி வரைக்கும் புல் வெள்ளையாக விறைத்துக் கிடக்கும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற டாஸ்மேனியாவில் ஜூன்தான் குளிர்காலம், மேட்டுநிலத்துக் குளிர் லேசுப்பட்டதல்ல. முடியாதவர்கள் வீட்டுக்குக் கிளப் ஆளுக்கொரு வண்டி விறகு போடும். யார் அந்த முடியாதவர்கள் என்பது அந்த வருஷத் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று காலை ஒவ்வொரு வண்டிக்காரன் கையிலும் அவர் ஒரு சீட்டு கொடுப்பார், அதில் ஒரே ஒரு விலாசம் இருக்கும். போட்டுவிட்டு வந்ததும் சீட்டை அடுப்பில் போட்டுவிட வேண்டும். பக்கத்து வண்டி எங்கே போனது என்று யாரும் கேட்கக்கூடாது. ரோஷக்கார ஊருக்கு ரோஷக்கார ஏற்பாடு. இதைக் கண்டுபிடித்த மகானுபாவன், தலைவர் பொசுக்கென்று செத்துப்போகலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இந்த வருஷத் தலைவர், ராஸின் அப்பா லின்ட்சே பைபஸ், செவ்வாய்க்கிழமை செத்துப்போனார். விறகுக் களத்தில் வேலை முடிந்து, ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வீட்டுக்கான விறகு தயார், சனிக்கிழமை போட்டுவிடலாம் என்று கொஞ்சம் முன்னால்தான் கிளப் ஆள் ஸ்னோவிடம் சொன்னார். எந்த முப்பத்தொன்று என்று ஸ்னோ கேட்கவில்லை. கேட்கக்கூடாதே.

இப்போது அந்தச் சனிக்கிழமைதான் அடக்கம்.

ராஸ் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை ஊர் நர்ஸைப் போய்க் கேட்டாள். "நான் ரெண்டே ரெண்டு பேரச் சொன்னேன். அதுவும் உங்கப்பாகிட்ட. உங்கிட்ட சொல்ல மாட்டேன், அந்த ரெண்டு வீட்ட நானே பாத்துக்கறேன்," என்றாள் அவள். மளிகைக் கடையில் மூன்று பெயர் இருந்தது, அங்கேயும் அதே பதில். "மிச்சமெல்லாம் அவரே கண்டுபிடிச்சதும்மா. விடியக்காலைல நடந்துபோய் எந்த வீட்டுல புகை வரலன்னு பாப்பாரு," என்றார் கடைக்காரர். வெள்ளிக்கிழமை விடியலில் ராஸும் நடந்து பார்த்தாள். மூடுபனியில் வீடே தெரியவில்லை, புகை எங்கே தெரியப்போகிறது. வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தாள்.

அழுகையில் பாதி கோபம். போன ஞாயிற்றுக்கிழமை தான் இருக்கிற லான்செஸ்டன் நகரத்திலிருந்து போன் போட்டு, "எழுபத்தஞ்சு வயசுல ரம்பத்தத் தூக்கிட்டு ஏன் அலையறீங்க? விறகெல்லாம் விட்டுடுங்கப்பா," என்று சண்டை போட்டிருந்தாள். "ஜூன் ஒண்ணுதான் பாக்கி. பதினோரு மாசம் பதினோரு வேலை முடிச்சாச்சு. இதையும் முடிச்சுட்டு நீ சொன்னபடி கேக்கறேன்," என்றார் அவர். அவள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. அந்தப் பாக்கி இப்போது அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தது. அம்மா நோலா தொப்பியைச் சரிசெய்தபடி வந்தாள்.

"நாப்பத்தெட்டு வருஷம் அந்தக் கிளப்பக் கட்டிக்கிட்டு மாரடிச்சார். இன்னைக்கும் அதே பேச்சா?" என்றாள். "கெளம்புங்க. அவர் எதுக்கும் லேட்டாப் போனதில்ல."

தேவாலயம் கொள்ளவில்லை. எண்பத்து நாலு வீட்டு ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். பின்வரிசையில் ஹேசல் டனக் தெரிந்தாள், ஆட்டுப் பண்ணைக்காரி. கிளப்போடு முறைத்துக்கொண்டு வெளியேறி ஒன்பது வருஷம். கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்கு, கிளப்பில் அபராதம் வசூலிக்கிற ஸ்னோ அபராதம் போட்டார், அவள் ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னாள், அதற்கும் சேர்த்து அபராதம் போட்டார். அதோடு சரி.

பேச வேண்டிய முறை வந்ததும் ட்ரெவ் எழுந்து போய்ப் பெட்டியின் அருகே நின்றார். உள்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்.

"எனக்குப் பேச வராது," என்றார். "ஜூன் கடைசில படிக்கறதுக்கு ஆண்டறிக்கை எழுதி வச்சிருந்தேன். லின்ட்சேயப் பத்திச் சொல்ல இதவிட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. படிச்சிடறேன்."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ட்ரெவ் கண்ணாடியை மாட்டினார்.

"ஜூலை. பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பெயின்ட் அடிச்சோம். மஞ்சள்னு முடிவு பண்ணிருந்தோம். தலைவர் பச்சை வாங்கிட்டு வந்தார்."

"அவருக்கு நெறம் தெரியாதுய்யா," என்றார் ஸ்னோ முன்வரிசையிலிருந்து. "அவர் கட்டின டைலயே தெரியலயா?"

லேசாகச் சிரிப்பு கிளம்பியது. அம்மா திரும்பி ஸ்னோவை முறைத்தாள். ஸ்னோ தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆகஸ்ட். ரத்த தான வண்டி வந்துச்சு. அறுபத்திரண்டு பேர் குடுத்தாங்க. செப்டம்பர். கண்காட்சில சாசேஜ் சுட்டு வித்தோம், மழை பேஞ்சும் ஒண்ணு மிஞ்சல. அக்டோபர். பழைய மூக்குக்கண்ணாடி சேத்துப் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பினோம், நானூறு ஜோடி. அதுல ஒண்ணு என் கண்ணாடி. மேசைமேல கழட்டி வச்சிருந்தேன், அதையும் சேத்துக் கட்டிட்டான் மனுஷன். இப்ப எந்தத் தீவுல எவன் போட்டுட்டிருக்கானோ தெரியல."

இந்தத் தடவை சிரிப்பு கூரையில் போய் முட்டியது. பெண் பாதிரியார் பிலிப்பாகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்லறைக்கு வேலி கட்டினது நவம்பர். வளை தோண்டுகிற வாம்பட்டுப் பிராணிகள் ஒரே ராத்திரியில் அடியில் தோண்டிக்கொண்டு உள்ளே வந்தது, மறுபடி கட்டினது. டிசம்பரில் கேக். ஜனவரியில் காட்டுத் தீ வந்தபோது மூன்று நாள் தீயணைப்பு ஆட்களுக்குச் சாண்ட்விச். பிப்ரவரியில் நீச்சல் குளத்துக்குச் சாய்வுப் பாதை, சக்கர நாற்காலியில் இருக்கிற பெக் முதல் ஆளாக இறங்கி மேலே வரமாட்டேன் என்றாள். மார்ச், ஏப்ரல், மே. ட்ரெவ் ஒரே குரலில், சரக்கு இறக்குகிறவர் மாதிரி, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். அப்பா ஊருக்கு இவ்வளவு செய்தாரா என்று ராஸுக்குப் பெருமையாக இருந்தது. போனில் ஒவ்வொரு வாரமும் அவர் சொன்னதுதான். அவள்தான் காதில் வாங்கவில்லை.

"ஜூன்," என்றார் ட்ரெவ். நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஜூன். விறகு. முப்பத்தொரு வீடு. போட முடியல. லிஸ்ட் அவன்கிட்ட இருந்துச்சு. மன்னிச்சிடு லின்ட்சே."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவர் அப்படியே நின்றார். எழுபத்தாறு வயசு ஆள், தோள் குலுங்கியது. அந்த முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கை தூக்கச் சொன்னால் ஒருத்தரும் தூக்க மாட்டார்கள், குளிரில் விறைத்துச் செத்தாலும் தூக்க மாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

ராஸ் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"எல்லா வீட்டுக்கும் போட்டுடலாம்."

ட்ரெவ் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"யாருக்கு வேணும்னு தெரியாதுல்ல? அப்ப எல்லாருக்கும் போடுவோம். எண்பத்து நாலு வீடு. டாக்டர் வீடு, போலீஸ் வீடு, எதையும் விட வேண்டாம். எல்லார் வாசல்லயும் கெடந்தா யாரும் யாரையும் பாக்க வேண்டியதில்ல. இன்னைக்கே. கல்லறைக்குப் போற வழியிலயே."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"நல்ல யோசனைதான்," என்றார் ஸ்னோ மெதுவாக. "ஆனா களத்துல முப்பத்தொரு வண்டிக்குத்தான் இருக்கு. மிச்சம் அம்பத்து மூணுக்கு எங்க போறது?"

அப்போது பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஹேசல் டனக்.

"எங்க கொட்டாய்ல பத்து வண்டி இருக்கு. ரெண்டு வருஷம் காஞ்சது," என்றாள். "ஸ்னோ, இதுக்கும் அபராதம் போடுவியா?"

"போட மாட்டேன் தாயே," என்றார் ஸ்னோ.

"எங்கிட்ட ஆறு," என்று ஒரு குரல். "எங்கிட்ட நாலு, ஆனா பொளக்கணும்." "பொளந்துக்கலாம், கோடாலி இருக்கு." "என் மச்சான்கிட்ட ட்ரெய்லர் இருக்கு." ஜன்னல் பக்கமிருந்து, கதவுப் பக்கமிருந்து, ஏலம் மாதிரி குரல்கள் வந்துகொண்டே இருந்தன. ட்ரெவ் ஆண்டறிக்கையின் முதுகில் எழுத ஆரம்பித்தார். எண்பத்து நாலைத் தாண்டியதும் "போதும்யா, போதும்" என்று கையைக் காட்டினார்.

"அப்ப கடைசிப் பாட்டுல ரெண்டு சரணத்த விட்டுடலாமா?" என்று பிலிப்பா கேட்டாள். "சீக்கிரம் இருட்டிடும்."

சவ வண்டி மில்லிகனுடையது. அவர்தான் அடக்க ஏற்பாடு பார்ப்பவர், பக்கத்து டவுன்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "முப்பது வருஷத்துல என் வண்டி நடுவுல எங்கயும் நின்னதில்ல," என்றார். ட்ரெவ் அவர் தோளில் கை போட்டார். "இன்னைக்கு எண்பத்து நாலு எடத்துல நிக்கும். பழகிடும்."

வண்டிகள் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் லின்ட்சே பைபஸ், பெட்டியில், மேலே கிளப் கொடி. பின்னால் இருபத்தேழு பிக்கப் வண்டி, நாலு டிராக்டர், ஒரு குதிரை ட்ரெய்லர். எல்லாவற்றிலும் விறகு. கறுப்புக் கோட்டுப் போட்ட ஆம்பளைகளும் நல்ல ஷூ போட்ட பொம்பளைகளும் வண்டிமேல் நின்றுகொண்டு தெருத் தெருவாக வாசலில் இறக்கினார்கள். காலியான வண்டி களத்துக்கு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து வரிசையில் சேர்ந்தது. டாக்டர் தன் வீட்டு விறகைத் தானே இறக்கினார். பன்னிரண்டாவது வாசலில் மில்லிகன் வண்டியை விட்டு இறங்கினார். கறுப்புக் கையுறையோடு வந்து, பேசாமல் வரிசையில் நின்று, கட்டையை வாங்கிக் கைமாற்றிவிட்டார்.

ஆற்றங்கரைத் தெருவில் ஒரு கிழவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு வழிவிடாமல் நின்றார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். தேவைப்படறவங்களுக்குப் போடுங்க."

"டாக்டருக்கே போட்டாச்சு. நீ என்ன பெரிய கவர்னரா?" என்றார் ஸ்னோ. "தள்ளு. பின்னால பொணம் காத்துட்டிருக்கு."

கிழவர் தெருவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். எல்லா வாசலிலும் குவியல். கேட்டைத் திறந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிச் சவ வண்டியைப் பார்த்துத் தலை வணங்கினார். ராஸ் அவர் வீட்டுக் கூரையில் புகை வருகிறதா என்று பார்க்கப் போனவள், பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி வீட்டில் இறக்கி முடித்தபோது யாரோ ஹார்ன் அடித்தார்கள். அடுத்த வண்டி அடித்தது. பிறகு எல்லா வண்டியும், டிராக்டரும். மில்லிகனும் அடித்தார். அந்தச் சத்தத்தோடுதான் எங்கள் ஊர் லின்ட்சேயைக் கல்லறை மேட்டில் ஏற்றியது. குழிக்குப் பக்கத்தில் ட்ரெவ் அறிக்கையைப் பிரித்து, பென்சிலை நக்கி, பெட்டிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஜூன். விறகு. எண்பத்து நாலு வீடு." முப்பத்தொன்றை அடித்துவிட்டார். ராஸ் அழுதாள், இந்தத் தடவை கோபம் இல்லாமல்.

அவர்கள் வீடு திரும்பியபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நோலா காரிலிருந்து இறங்கி அப்படியே நின்றாள். அவர்கள் வாசலிலும் ஒரு வண்டி விறகு கிடந்தது.

"நமக்கெதுக்கு?" என்றாள்.

"எல்லா வீட்டுக்கும்னு சொன்னேனேம்மா. எண்பத்து நாலுல நம்மளதும் ஒண்ணு."

"அவர் இருந்தா நம்ம வாசல்ல ஒரு குச்சி விழ விட்டிருக்க மாட்டார்."

"யாரு போட்டதுன்னு வேணா கேக்கட்டுமா?"

"கேக்கக்கூடாது," என்றாள் அம்மா.

தொப்பியைக் கழற்றிக் கார் சீட்டில் வைத்தாள். குனிந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்தாள். கணீரென்றது.

"நல்லாக் காஞ்சிருக்கு. கையை நீட்டு."

ராஸ் இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா ஒவ்வொன்றாக அடுக்கினாள், மோவாய் வரைக்கும்.