மேலே வந்த மீன்கள்

மின்சாரம் போனதும் என் மீன்குளத்தில் காற்றைக் கலக்கும் மோட்டார் நின்றுவிட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும். ஆசைப்பட்டு மீன்குஞ்சுகளை அளவுக்கு மீறிக் குளத்தில் விட்டதும் நான்தான்.

வீட்டுப்பாட நோட்டோடு கரையில் இருந்த மகள் கேட்டாள்: “அப்பா, ஆடுன்னா மந்தை, எறும்புன்னா சாரை. மீனுக்கு?”

“கூட்டம், கண்ணு. சேர்ந்து நீந்தினா பெரிய மீனு குழம்பிடும், எதைப் பிடிக்கிறதுன்னு தெரியாது.”

“ஐ! கூட்டமே நம்மளப் பாக்க மேல வருது!”

தண்ணீரில் காற்று குறைந்தால் மீன்கள் இப்படித்தான் மேலே வந்து வாய் பிளக்கும். நான் வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். விழும் தண்ணீர் கொஞ்சம் காற்றைக் கொண்டுபோகும். ஒரு ஏக்கர் குளத்துக்கு ஒரு வாளி.

“விளையாடுறியாப்பா? நானும் வரேன்!” என்று அவள் டம்ளரோடு இறங்கினாள்.