பதினேழாவது பெயர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அழகெழுத்து வகுப்பில் சேர்ந்து மூன்று ஞாயிறு சாய்கோடு போட்டும் என் எழுத்து கோழிக் கிறுக்கலாகவே இருந்தது. (பேனா பிடிக்குமுன் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது.) ஆகவே கதாநாயகி ஓர் அழகெழுத்துக்காரி. அவளை நான் சும்மா விடப்போவதில்லை.

2

வெள்ளைக் காகிதத்தை மை முத்தமிட்ட அந்த—

சீச்சீ. மறுபடி.

விழா ஏற்பாட்டாளர் ஒருவர் அவளிடம் நாற்பது பெயர்கள் கொடுத்தார். ஏதோ ஒரு நிறுவனம் அந்த நாற்பது பேரை வெள்ளிக்கிழமை வேலையைவிட்டு அனுப்புகிறது. ஆளுக்கொரு நன்றிச் சான்றிதழ், கையால் எழுதியது. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றார். கழுத்தை அறுக்கிறவனுக்குக் கத்தியில் பூவேலை கேட்கிறது! இவளோ, காகிதம் தடிமனாக இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

3

பதினேழாவது பெயரில் நல்ல நல்ல வளைவுகள். அதை எழுதுவதைப் படம்பிடித்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். பெயர் மட்டும்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? ஆயிரக்கணக்கில் இதயங்கள் விழுந்தன. அதில் ஒன்று அவள் தம்பியுடையது. அதைக் கண்ட பிறகுதான் தான் எழுதிய பெயரைப் படித்தாள். தம்பியின் பெயரேதான்.

[சொந்தத் தம்பி பெயர்கூடவா தெரியாது என்பீர்கள். வீட்டில் அவன் 'குண்டு'. தவிர, இந்த அழகெழுத்துக்காரர்கள் பெயரைப் படிப்பதில்லை, வளைவைப் பார்க்கிறார்கள். நானும் நம்பவில்லைதான். ஆனால் வகுப்பில் என் ஆசிரியை என் பெயரை மூன்று முறை அழகாக எழுதிக் காட்டிவிட்டு, உங்கள் பெயர் என்ன என்று என்னையே கேட்டார்.]

4

போனில் குண்டு குதித்தான். "அக்கா, அது எனக்குத்தானே? ஆபீஸ்ல பதவி உயர்வுச் சான்றிதழா? அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

வேறு யாரோ அதே பெயர்க்காரர் என்று அவள் புளுகுவதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க விடுவேனா? சொல்ல வைத்தேன். அது பாராட்டு இல்லை என்றாள். வெள்ளிக்கிழமையோடு வேலை போகிறது என்றாள்.

பிறகு கேட்டான்.

"எழுதும்போது, அது நான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் துரோகி. தெரியாது என்றால் தம்பி பெயரில்கூட வளைவை மட்டும் பார்த்தவள்; அதுதான் உண்மை. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் இதற்குமேல் எழுத மனமில்லை. அவன் இன்னும் போனை வைக்கவில்லை. நீங்களே ஏதாவது சொல்லிவிடுங்கள்.