வெளுத்த முதுகு

துண்டுத் துணியில் படம் ஒட்டுகிறவள் என்றால்தான் நாயுடுபுரத்தில் என்னைத் தெரியும். என் வீட்டுக்காரர் இப்ராம்சா தையல்காரர். அவர் காலடியில் விழுகிற துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கின் மேல் மைதாப் பசையால் ஒட்டுவேன். கூடவே மரப்பட்டை, பாசி, காய்ந்த புல். இந்த மலையில் குறைந்துகொண்டே வருகிற பிராணிகளைத்தான் செய்வேன். கருமந்தி செய்தேன், மலையணில் செய்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ‘உதிர்ந்தவற்றால் மட்டும் செய்தது - ஃபக்ருன்னிசா’ என்று சிவப்பு நூலால் தைப்பேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அறுபத்திரண்டாம் வருஷக் கோடைக் கண்காட்சிக்காக வரையாடு செய்ய உட்கார்ந்தேன். பாறை விளிம்பில் நிற்கிற கிழட்டுக் கடா. வயதான கடாவுக்குத்தான் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்திருக்கும். எங்கள் பக்கத்து மந்தையில் அப்படி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். புல்லறுக்கப் போகிற நாச்சிமுத்து, முள்ளில் சிக்கிய ரோமத்தைப் பொறுக்கி வந்து தருவான். வாலிலிருந்து தொடங்கி, கூரை வேய்கிற மாதிரி வரிவரியாக ஒட்டினேன். உடம்பெல்லாம் முடிந்தது. முதுகுக்கு மட்டும் ரோமம் இல்லை.

“அந்தக் கெழடு முள்ளுப் பக்கமே வராதுக்கா” என்றான் நாச்சிமுத்து.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னும் நாலு நாள்தான் கெடக்கு. எப்படியாச்சும் வெரசா கொண்டா.”

மூன்றாம் நாள் வெள்ளனே வந்து ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். பிரித்துத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்தது. உதிர்ந்த ரோமம் சிக்கும் சிடுக்குமாக இருக்கும். இது ஒரே போக்கில் படிந்து, அடிப்பக்கம் ஒரே அளவாக நறுக்கியிருந்தது. இருபது வருஷம் தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கத்தரி பட்டது எதுவென்று தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும் ஒட்டினேன். படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது, எனக்கு விட மனசில்லை.

அடியில் சிவப்பு நூலைத் தைக்கும்போது இப்ராம்சா, “இந்த வரி வேணுமா புள்ள?” என்று மட்டும் கேட்டார். அவருக்கும் விரல் இருக்கிறதே.

“நீங்க உங்க சோலியப் பாருங்க” என்று எரிந்து விழுந்தேன்.

கண்காட்சியில் படத்தைச் சுற்றி ஒரே கூட்டம். முதல் பரிசும் கிடைத்தது. நாச்சிமுத்து தலையைத் துவட்டி எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். என் பக்கத்தில் வந்து மெதுவாக, “ஒரே வெடிதான்க்கா. அது கஷ்டப்படல” என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிறவனைப் போல.

மதுரையிலிருந்து கோடைக்கு வந்திருந்த தமயந்தி அம்மாள் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“அம்மா, இது உதிர்ந்த ரோமம் இல்லீங்க. இதுக்காகச் சுட்டது. அந்த மந்தையில இருந்த ஒரே பெரிய கடாங்க” என்றேன். திட்டுவார், முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன்.

“நெஜமாவே சுட்டதா? நான் கம்பளி நூல்னுல்ல நெனச்சேன்! அப்ப இன்னும் விசேஷம். எங்க ஹாலுக்கு ஜோடியா இன்னொண்ணு செஞ்சு குடுங்க.”

பின்னால் நின்ற நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான். “கெடா இல்லீங்களே. பெட்டையும் குட்டியுந்தான் கெடக்கு. அது ஆகுமாக்கா?”

அவன் கேட்டது என்னை. அந்த அம்மாளை இல்லை.

“ஆகாது. இனிமே எதுவுமே வேணாம் நாச்சிமுத்து. கீழ கெடந்தாலும் எடுக்காத” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அந்தச் சிவப்பு வரியை ஒவ்வொரு தையலாக அறுத்தேன்.

என் பெயரை மட்டும் அறுக்கவில்லை. அது உண்மைதானே.