பழுது பார்க்க வந்தவர் போகாத கதை

ஜப்பான்காரரோடு நான் பேசியது உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆரணியில் இதை நம்பியவர் ஒருவர்கூட இல்லை. என் மனைவி அபிதகுசாம்பாள் நம்பவில்லை என்பதுதான் இந்தக் கதையின் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

1998-ஆம் வருஷம் எனக்கு அறுபத்திரண்டு வயது. பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலையை அபிதா பார்த்துக்கொண்டாள். அவள் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டேன். மிச்ச நேரத்தில் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்தபடி, மைக்கைப் பிடித்து, உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரோடும் பேசலாம். தபால் தலை வேண்டாம், டெலிபோன் பில் வராது.

ரேடியோவைச் சென்னையில் ‘ஜெகநாதன் ரேடியோ ஹவுஸ்’ என்ற கடையில் வாங்கினேன். வாடிக்கையாளரே எங்கள் தெய்வம் என்று வாசலில் பலகை எழுதியிருந்தார்கள். சொன்னபடியே நடந்தார்கள். என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் நகரவிடாமல், ஊதுபத்தி மட்டும் காட்டினார்கள். கடைசியில் ஒரு பெட்டியைக் கொடுத்து, ஏரியல் கம்பி கட்டப் பச்சையப்பன் என்ற சர்வீஸ்காரரையும் கூட அனுப்பினார்கள். அவருக்கு நாற்பது வயது, மெல்லிய உடம்பு. அந்த உடம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மாடியில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே நல்ல செம்புக் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அன்றைக்கு மைக்கைப் பிடித்தேன். ஒசாகாவில் மீன் கடை வைத்திருக்கும் ஒருவர் பதில் சொன்னார். அன்று அங்கே மத்தி மலிவாம். அரை மணி நேரம் பேசினோம். உடனே ஓடிப் போய் அபிதாவிடம், மாடியில் கட்டியிருக்கும் கம்பி ஜப்பான் வரைக்கும் போகிறது என்று சொன்னேன். அவள் “சரி” என்றாள். டீக்கடையில் சொன்னேன். அங்கே ஒருவர், மத்தி அரைக் கிலோ வாங்கி அனுப்பச் சொல்லுங்க என்றார்.

அடுத்த நாள் காலையில் ரேடியோ செத்துவிட்டது. விளக்கு எரிந்தது, ஆனால் உள்ளே எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் மட்டும்தான். நான் பேசினால் பேச்சு வெளியே போகாமல் பெட்டிக்கே திரும்பி வருகிறது என்று மீட்டர் முள் சிவப்பில் போய் நின்றது. சாயந்திரம் முயன்று பார்க்கலாம் என்றால் ஆரணியில் அந்த நேரத்தில் வோல்டேஜ் இருக்காது. பல்பு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு பல்பு போட வேண்டும்.

இதில் என் மானம் எங்கே மாட்டியது என்றால், வந்தவாசியில். அங்கே கோரைப்பாய்க் கடை வைத்திருக்கும் ஜெயக்குமாரும் என்னைப் போல ரேடியோக்காரர். ஞாயிறுதோறும் காலை ஏழரை மணிக்குச் சுற்று வட்டார ரேடியோக்காரர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு நோட்டில் வருகை போடுவார். மற்ற நாளில் பாய் விற்பார், ரேடியோவைத் தொட மாட்டார். நான் ஜப்பான் கதையை அவருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். செவ்வாய்தோறும் அவரிடமிருந்து தபால் அட்டை வரும்: ‘நேற்றும் ஆரணி கேட்கவில்லை. ஜப்பானுக்குக் கேட்ட குரல் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் வந்தவாசிக்குக் கேட்காதது அதிசயம்.’ தபால்காரரும் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ரேடியோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். கடைக் கம்பியில் மாட்டினார்கள். ரேடியோ கோயில் மணி மாதிரி பேசியது. ‘பழுது இல்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆரணிக்குக் கொண்டுவந்தேன். கடுகு பொரிந்தது.

டெலிபோனில் சண்டை போட்டேன். பச்சையப்பன், நாளைக்கு வருகிறேன் என்றார். அபிதாவிடம் ஆள் வரப்போவதைச் சொன்னேன். வந்தார். ரேடியோ அருமையாக வேலை செய்தது. சாப்பிட்டு, சீட்டு எழுதிவிட்டுக் கிளம்பினார். அவர் பஸ் பக்கத்து ஊரான சேவூரைக்கூடத் தாண்டியிருக்காது, கடுகு பொரிய ஆரம்பித்தது. பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே கதை. ரேடியோவுக்கு அவரைப் பார்த்தால் பயம் என்று முடிவு செய்தேன். அவருடைய சட்டை ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன், ரேடியோமேல் போர்த்தி வைக்கலாம் என்று. கடை விதியில் அதற்கு இடமில்லை என்றார்.

அப்புறம் வந்த தபால் அட்டையில் ஜெயக்குமார் எழுதியிருந்தார்: ‘அடுத்த வாரம் ஞாயிறு கடைசி. ஏழரைக்கு ஆரணி குரல் கேட்காவிட்டால் நோட்டில் உங்கள் பெயரை அடித்துவிட்டு, எதிரே கற்பனை என்று எழுதிவிடுவேன்.’

நான் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். கிணற்றில் திமிங்கிலம் வந்த கதையை ஊரே ரசித்தது. ஆனால் சொன்ன ஒரே உண்மைக்காகப் பொய்யன் என்று நோட்டில் ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. கடை முதலாளி ஜெகநாதனுக்குப் போன் செய்து, கடை வாசலில் இருக்கும் பலகையைக் கழற்றும்வரை அதன் கீழே உட்காரப் போகிறேன் என்றேன். அவரோ, பழுது கண்ணில் பட்டால்தானே பார்க்க முடியும், அது வரும்வரை என் ஆள் உங்கள் வீட்டிலேயே இருப்பான் என்றார்.

திங்கட்கிழமை பச்சையப்பன் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். பையில் மூன்று சட்டை, ஒரு லுங்கி, ஒரு மீட்டர்.

அவர் ரேடியோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரேடியோ வேலை செய்தது. செவ்வாயும் வேலை செய்தது. புதன்கிழமை பிரேசிலில் ஒரு காபித் தோட்டக்காரர் கிடைத்தார். அவர் மனைவிக்கு மாம்பழக் கலரில் சேலை என்ன விலை என்று கேட்டார். பச்சையப்பன் காலையில் எட்டு இட்லி, மதியம் ஆரணி பிரியாணி, மூன்று மணிக்கு வடை என்று பழுதுக்காகக் காத்திருந்தார். தினமும் ஜெகநாதன் போன் செய்து, வந்துச்சா என்று கேட்பார். இன்னும் வரலை சார் என்று இவர் வடையை மென்றுகொண்டே சொல்வார். வியாழக்கிழமை அவர் சட்டையில் நடுப் பொத்தான் தெறித்து மீட்டர்மேல் விழுந்தது. அந்த வாரத்தில் மீட்டர் அசைந்தது அப்போதுதான்.

இதற்கிடையில் அபிதாவின் சாயத் தொட்டி மூடிக் கிடந்தது. அய்யாக்கண்ணு என்ற நெசவாளர் இரண்டு முறை வந்து, முகூர்த்தப் புடவைக்கு அரக்கு நூல் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். ஏன் தொட்டி மூடிக் கிடக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. நான் பிரேசிலில் இருந்தேன்.

சனிக்கிழமை மதியம் பச்சையப்பன் சாப்பிட்டுக்கொண்டே, குழம்பில் உப்பு கம்மி அக்கா என்றார். அபிதா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். உப்பு ஜாடியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கே குளித்து, நெற்றியில் விபூதி பூசி, மைக் முன்னால் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டேன். கடுகு பொரிந்தது.

பச்சையப்பன் துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. “பழுது வந்துடுச்சு சார்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், அதைப் பிடித்துக்கொண்டே மாடிக்கு ஏறினார். என் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. கம்பி கட்டியதிலிருந்து நான் மேலே போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றிலும் முழங்கால் ஏதோ சொன்னது.

மேலே செம்புக் கம்பி முழுவதும், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, சாயத்தில் முக்கி எடுத்த ஈரப் பட்டு நூல் கத்தை கத்தையாக, சிட்டம் சிட்டமாகத் தொங்கியது. அரக்குக் கலர். கம்பி எருமை முதுகு மாதிரி வளைந்து கிடந்தது. சாயப் பட்டு நிழலில்தான் காய வேண்டும்; பக்கத்து வீட்டுச் சுவர் நிழல் நூலின்மேல் அழகாக விழுந்திருந்தது. அபிதா கடைசிச் சிட்டத்தை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இது இன்னா கம்பினு தெரியுமா அபிதா?” என்று கேட்டேன்.

“தெரியாம இன்னா? நூல் காயப்போட ஒரு கம்பி கட்டிக் குடுங்கனு அஞ்சு வருஷமா கேட்டுகினு இருந்தேன். கட்டிக் குடுத்தீங்க.”

“இது ஜப்பான் வரைக்கும் போவுதுனு சொன்னேனே.”

“சொன்னீங்க. கெணத்துல திமிங்கலம் இருக்குதுனுகூடத்தான் சொன்னீங்க. நான் தண்ணி எடுக்காமலா இருந்தேன்?”

பச்சையப்பன் நூலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சொட்டியது. “இது நான் வந்தப்ப எல்லாம் இல்லியேக்கா” என்றார்.

“வெளியாளு வந்தா மாடியில ஈர நூல் போட மாட்டேன். என் தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவரு, காத்து வாங்க மேல வந்து, வெள்ளச் சட்டையில பூரா அரக்கு. ரெண்டு வருஷம் தள்ளிப் போயி பேஜாராப் போச்சு அந்தக் கல்யாணம். அதுலேந்து யாருனா வராங்கனு தெரிஞ்சா எல்லாத்தையும் எடுத்துடுவேன்.”

“இன்னிக்கி நான் இருக்கிறேனேக்கா.”

“உப்பு கம்மினு சொன்னியே. விருந்தாளி அப்படிச் சொல்லுவாரா? நீ வூட்டு ஆளு.”

பச்சையப்பன் கண் கலங்கிவிட்டது. எனக்கு மணி ஏழு பத்து. நூலை எடு என்றேன். முடியாது என்றாள். அடுத்த மாசம் முகூர்த்தம், நூல் இன்னும் தறி ஏறவில்லை, அய்யாக்கண்ணு இன்னொரு தடவை வந்தால் பதில் சொல்ல வாயில்லை, ஜப்பான்காரனை மத்தியானத்துக்குமேல் வரச் சொல்லுங்கள் என்றாள். ஈர நூல் கிடந்தால் கம்பி பேச்சை வெளியே விடாது என்று ரேடியோ அறிவியலைப் பச்சையப்பன் மூன்று நிமிஷம் விளக்கினார். அவருக்கும் திமிங்கிலம் தொற்றிவிட்டது என்று அபிதா முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது.

உண்மையை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. எனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பினேன்.

“மறந்தே போனேன் அபிதா. வந்தவாசி ஜெயக்குமார் ஏழரைக்கு நம்ம வூட்டுக்கு வராரு.”

“இத இப்ப சொல்றீங்க” என்று புடவையை இழுத்துச் செருகினாள். “பச்சையப்பா, ஜல்தியா அந்தப் பக்கம் புடி.”

எட்டே நிமிஷம். நூல் அண்டாவுக்குள் போனது; கம்பி நிமிர்ந்தது. நான் படியில் உட்கார்ந்தபடியே இறங்கி மைக்கைப் பிடிக்கவும் ஜெயக்குமார், “ஆரணி, ஆரணி, கடைசி வாட்டி” என்று கூப்பிடவும் சரியாக இருந்தது.

“ஆரணி லோகநாதன். குரல் எப்படி இருக்குது?” என்றேன்.

 வந்தவாசியில் பேனா மூடி போடும் சத்தம்கூடக் கேட்டதாக ஞாபகம்.

“குரல் மணியாட்டம் இருக்குதுங்க” என்றார் ஜெயக்குமார். “ஆனா உங்க குரல்ல வேற யாருனா பேசலாம். உங்க விஷயத்துல எதையும் நேர்ல பாத்தாத்தான் நம்புவேன். நோட்டு எடுத்துகினு ஒம்போது மணி பஸ்ஸுக்கு வரேன்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய், மூன்று மணி நேரம் தாமதமாக, கக்கத்தில் நோட்டோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. அபிதா தண்ணீர் கொடுத்து, “ஏழரைக்கு வரேன்னீங்களாமே, இன்னா இவ்ளோ லேட்டு?” என்று கேட்டாள். ஜெயக்குமார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பெரிய மனிதர். பஸ் பஞ்சர் என்றார்.

ரேடியோவைப் பார்த்தார், மாடிக் கம்பியைப் பார்த்தார், அண்டாவில் இருந்த நூலைப் பார்த்தார். நோட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே வருகை போட்டார். ஜப்பானையும் ஒப்புக்கொண்டார். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பச்சையப்பன் புறப்படும் முன் ரேடியோவுக்கென்றே இரண்டாவது கம்பி கட்டிக் கொடுத்தார். அவர் பஸ் சேவூரைத் தாண்டும்போது அதில் பச்சை நூல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எழுதிய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘பழுது: அரக்கு. செய்த வேலை: விருந்தாளியை வரவழைத்தது.’ அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு யார் போன் செய்து ரேடியோ பேசவில்லை என்றாலும், உங்கள் வீட்டுக்குக் கடைசியாக எப்போது சொந்தக்காரர்கள் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம்.

ஜெயக்குமார் அதன்பின் ஞாயிறு தவறாமல் ஆரணிக்கு வந்துவிடுகிறார். அவர் வந்தால்தான் நூல் இறங்கும், நூல் இறங்கினால்தான் ரேடியோ பேசும். ரேடியோ முதல் தரமாகப் பேசுகிறது. வந்தவாசியில்தான் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் அவர் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, “ஆரணி, கேக்குதா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். நான் மைக்கில், நன்றாகக் கேட்கிறது என்று சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.