காணவில்லை, பகிருங்கள்

பிணவறை ஊழியரின் அழைப்பு வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. ‘காணவில்லை, பகிருங்கள்’ என்ற பதிவு அவர்களுடைய சமூக ஊடகச் செய்திப் பக்கத்தில் இன்னும் அப்படியே இருந்தது.

பக்கத்தை நடத்துபவர் அத்தான், அவளுடைய அக்காவின் கணவர். ஒரே அறை, இரண்டு மேசைகள். செய்திகளைப் பதிவேற்றுவது அவள் வேலை. காணாமல் போனவர்களைப் பற்றிப் போடும்போது குடும்பத்தின் எண்ணைப் போடக் கூடாது, நம் எண்ணைத்தான் போட வேண்டும் என்பது அத்தானின் ஏற்பாடு. அப்போதுதான் ஆட்கள் பக்கத்தைத் தேடி வருவார்களாம். அதனால்தான் பிணவறை ஊழியரும் இங்கே அழைத்தார். அவர் அனுப்பிய படத்தில், பதிவில் அடையாளமாகச் சொல்லியிருந்த, இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் அதே தழும்பு இருந்தது.

சமூக ஊடக நிறுவனம் விளம்பர வருமானத்தில் செய்திப் பக்கங்களுக்கும் பங்கு தரப்போவதாக அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போதுமான பார்வைகள் சேர வேண்டும். சேராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அக்கா வீட்டில் அடுப்பெரிவதும் இதை நம்பித்தான். குடிநீர்க் குழாய், பள்ளிக் கூரை என்று அவள் எழுதிய எதையும் ஒருவரும் சீண்டவில்லை. இந்த ஒரு முகம்தான் ஓடியது. சாவுச் செய்தியாக மாற்றினால் அதற்கு விளம்பரம் வராது, கணக்கிலும் சேராது.

இன்று வெள்ளி. காலையில், அவர் வீட்டுக்குச் சொல்லிவிடலாமா என்று அவள் மெல்லக் கேட்டபோது அத்தான் சொன்னார்:

“சாயங்காலம் வரைக்கும் பொறும்மா. செத்தவரு எங்கயும் ஓடிப்போயிட மாட்டாரு.”

சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொரு மணிக்குக் காணாமல் போனவரின் மனைவி வந்தார். முதலில் தந்த படத்தில் முகம் கலங்கலாக இருக்கிறதாம், இதைப் போடச் சொல்லி இன்னொன்றை நீட்டினார். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று திரையில் காட்டினார்.

“வீட்டுல அவரு வாயத் தொறந்தா நாங்க ஒருத்தரும் காது குடுத்ததில்ல தம்பி. இப்ப ஊரே பாக்குது. வரட்டும், கையில புடிக்க முடியாது.”

அத்தான் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். இரவில் தாழ்ப்பாள் போடாமலே படுக்கிறாராம். நேற்று காற்றில் கதவு ஆடியதும் எழுந்துபோய்ச் சாப்பாட்டைச் சூடுபண்ணி வைத்தாராம். தெருவில் இறங்கிப் பார்த்த பிறகுதான் காற்று என்று புரிந்ததாம்.

“நீ சொல்லும்மா. யாராவது போன் பண்ணாங்களா?”

இப்படிக் கேட்பவர்களுக்கு எப்போதும் அத்தான்தான் பதில் சொல்வார். இப்போது அவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. அந்தக் கண்களில் அக்காவின் பிள்ளைகள் தெரிந்தார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பண்ணாங்கம்மா. முந்தாநாளே பண்ணாங்க. அவரு இறந்துட்டாரு.”