ஊதாமல் விட்ட மூடி

என் வீட்டுக்காரர் மறுபடியும் ஜெயித்துவிட்டார். டேப்லெட்டில் மஞ்சளும் சிவப்புமாகக் காகிதப் பூ கொட்டியது, மேளச் சத்தம் கேட்டது, தங்கக் கோப்பை ஒன்று சுழன்று வந்து நடுவில் நின்றது. நான் கீழே உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஜொகூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரூபினியின் குரல் அந்தக் கோப்பைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எல்லா மூடியையும் தின்னுட்டீங்களேப்பா! ஒன்னாச்சும் மிச்சம் வைக்கக்கூடாதா லா?"

"பஸ்ஸு ஓட்டுன காலு. பிரேக் புடிக்காது," என்றார் இவர்.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "அம்மா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? புத்தி கெட்ட மனுசன் ஆடுற ஆட்டமா இது? சும்மா அப்பாவ சீக்காளி ஆக்காதீங்க. காடி சாவிய எடுத்துக் குடுங்க."

கார் சாவி அரிசி டின்னுக்குள் இருந்தது. நான்தான் ஒளித்து வைத்திருந்தேன். நெத்திலித் தலைகளைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு எழுந்து போனேன்.

சிவநேசன் என்ற இவர் பெயரைச் சொன்னால் மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடியுமுன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களை ஏற்றி, சுங்கை பட்டாணியில் கொண்டுபோய் இறக்குவார். எந்த லயத்து வீட்டில் எந்தப் பெண்ணுக்குப் பிள்ளை அழும், யார் தலை சீவாமல் ஓடிவருவாள் என்பதெல்லாம் தெரியும், நின்று ஏற்றிக்கொள்வார். அந்த மனிதர்தான் போன மாதம் ரொட்டி வாங்கக் காரில் பசாருக்குப் போனவர், எங்கேயோ தூரத்தில் பண்டார் பாருவில், பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் வேலை செய்யும் மலாய்ப் பெண் இவர் போனை வாங்கி எனக்கு அடித்தாள். 'அம்மா, பக்சிக் அழுகிறார்' என்று, பெரியவரைச் சொல்கிற முறையில், மலாயில் சொன்னாள். ரூபினி கேட்டபோது இவர் அலட்டிக்கொள்ளாமல், "பழைய கூட்டாளி பரஞ்சோதியப் பாக்கப் போனேம்மா, ரொட்டி சாக்கு," என்றார். அவளும் நம்பிவிட்டாள். பரஞ்சோதியின் கருமாதியில் நானும் இவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தினம் அந்தியானால் அவளுக்குத் தெரிகிற அப்பா, ஜெயிக்கிற அப்பாதான்.

அவர் ஜெயிப்பது 'தாம்' என்கிற ஆட்டம். தோட்டத்தில் பலகையில் கட்டம் போட்டு, பாட்டில் மூடிகளை வைத்து ஆடுவோமே, அதையே அப்படியே டேப்லெட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். மூடிகள்கூட நெளிந்த ஓரத்தோடு அசல் மூடி மாதிரியே இருக்கும். ஒருவருக்கு மூடி நிமிர்ந்திருக்கும், இன்னொருவருக்குக் கவிழ்ந்திருக்கும். எதிராளியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஆஜி ஆகிவிடும், ராஜா மாதிரி. நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். மூடி தொலைவதில்லை. சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. இவருக்கு விரல் மடங்காது, டேப்லெட்டில் தொட்டால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே, இவர் வேண்டாம் என்று சொன்ன பையனையே ரூபினி கட்டிக்கொண்டு போன பிறகு அப்பனும் மகளும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அந்த ஆட்டம் வந்த பிறகுதான் "சாப்டீங்களாப்பா", "நீ சாப்டியா" என்ற பேச்சே வந்தது. அதற்காக அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்கு நான் கோயிலில் அர்ச்சனைகூட வைப்பேன்.

ஆனால் அதில் ஊதுவது கிடையாது.

நேரில் ஆடும்போது, தாண்டித் தின்னும்படி ஒரு மூடி எதிரே இருந்தால் தின்றே ஆக வேண்டும். கவனிக்காமல் வேறு மூடியை நகர்த்தினால், தின்னாமல் நின்ற நம் மூடியை எதிராளி ஊதி வெளியேற்றிவிடலாம். எங்கள் தோட்டத்தில் கையால் எடுக்க மாட்டார்கள், நிஜமாகவே வாயால் ஊதுவார்கள். இவர் ஊதினால் மூடி சுவர் ஓரம் போய் விழும். கட்டிய புதிதில் என்னை உட்காரவைத்து ஆடுவார். புதுப்பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்க மாட்டார். நான் எங்கேயோ நினைப்பாக ஒன்றை விட்டுவிட்டால், குனிந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி 'ஃபூ' என்பார். ரூபினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளையும் விட்டதில்லை. அவள் அழுவாள். "கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு ஆடு. நாளைக்கு எவனும் ஒனக்குச் சொல்லிக் குடுக்க மாட்டான்," என்பார்.

டேப்லெட்டில் தப்பே செய்ய முடியாது. தின்ன வேண்டிய மூடி தானே துடிக்கும். வேறு எதைத் தொட்டாலும் அசையாது. அதுவும் புரியவில்லை என்றால் மூலையில் ஒரு மஞ்சள் பல்பு இருக்கிறது. அதைத் தொட்டால் நகர்த்த வேண்டிய மூடியும், போக வேண்டிய கட்டமும் பச்சையாக எரியும். எரிகிற இடத்தில் விரலை வைத்தால் வேலை முடிந்தது.

முதலில் எப்போதாவது தொட்டார். பிறகு கஷ்டமான நேரத்தில் தொட்டார். இப்போது முதல் நகர்த்தலுக்கே பல்பு. பல்பு, பச்சை, விரல். பல்பு, பச்சை, விரல். காய்கறி நறுக்குகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைப் பார்ப்பேன். கண் கட்டங்களின்மேல் ஓடாது. மூலையில்தான் நிற்கும். பச்சை எரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும், பஸ்ஸுக்குச் சிவப்பு விளக்கு மாறியதுபோல.

ரூபினியிடம் சொன்னேன். "எல்லாரும் பல்பு அமுக்குறதுதாம்மா. நான்கூட அமுக்குவேன்," என்றாள்.

பக்கத்து வீட்டு அகத்தாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துச் சிலுவைச் சங்கிலியோடு வாசலில் நின்றாள். "ஒனக்குப் பொறாம பிரேமாக்கா. மக அப்பன்கிட்ட பேசுறா, ஒன்கிட்ட பேசல," என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் வீட்டு மனுசன் எப்பவுமே பல்பு இல்லாதவரு. எனக்கு வித்தியாசம் தெரியாது," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் கேட்டது ஒன்றுதான். யாராவது ஒருவர் என்னை நம்ப வேண்டும். ராத்திரி இவர் என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போகலியாம்மா, கடைசி பஸ் போயிரும்," என்று மரியாதையாகச் சொல்கிறார். அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் கிடப்பது? இன்னொரு பக்கம் பார்த்தால், அவள் நம்பிவிட்டால் அது நிஜமாகிவிடும். நான் சொல்வது பொய் என்று யாராவது எனக்கு நிரூபித்துக் காட்டினால் அந்த ஆளின் காலில் விழவும் தயார்.

பாலிங்கில் ஒரு கல்யாணம். ரூபினி முதல் நாளே வந்து இறங்கினாள். வந்தவள் பையை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நான் எதை ஒளித்தாலும் எங்கே என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்; அரிசி டின் மூடி விழுந்த சத்தம் கேட்டது. சாவியை அரிசி ஒட்டியபடியே கொண்டுவந்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

"நாளைக்கி நீங்கதான் ஓட்டுறீங்க. பாலிங் ரோடு தெரியும்லப்பா?"

"தெரியுமாவா? கண்ணக் கட்டிட்டு ஓட்டுவேன்."

"பாருங்கம்மா," என்றாள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல் சொன்னாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவளும் பயந்துதான் கிடக்கிறாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இடி ஒன்று கூரைமேல் விழுந்ததுபோல் இடித்தது, கரண்டு போய்விட்டது. வீடு பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிவிட்டது. டேப்லெட்டும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. இவர் அதைத் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் அலமாரிக்கு மேலிருந்து பழைய பலகையை எடுத்தேன். பால் டின் ஒன்றில் மூடிகள் துருப்பிடித்துக் கிடந்தன. "வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம்," என்றேன்.

ரூபினி சந்தோஷப்பட்டாள். "ஐயோ, இது இன்னும் இருக்கா? அப்பா, அம்மாவ ஒரு வழி பண்ணுங்க." அவளே மூடிகளை அடுக்கினாள். அவருக்கு நிமிர்ந்தவை, எனக்குக் கவிழ்ந்தவை. தலையணையைச் சுவரில் சாய்த்து அப்பாவை உட்காரவைத்துவிட்டு, என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. நான் ஒன்றை நகர்த்தினேன், அவர் ஒன்றை நகர்த்தினார். விரலுக்குப் பழக்கம் இருந்தது. குறுக்குக் கோட்டில்தான் தள்ளினார். தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுகூடப் பட்டது. அப்படி ஓர் ஆசை, கொஞ்ச நேரம்.

அவருடைய மூடி ஒன்று என் மூடிக்கு எதிரே வந்து நின்றது. அதற்குப் பின்னால் கட்டம் காலி. நான் தின்ன வேண்டும், கண் தெரியாதவன்கூடத் தின்பான். நான் தின்னவில்லை. ஓரத்தில் கிடந்த வேறொரு மூடியை நகர்த்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, நீங்க..." என்று ஆரம்பித்த ரூபினி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா பக்கம் திரும்பினாள். நாங்கள் இரண்டு பேரும் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதுங்க என்று மனசுக்குள் சொன்னேன். ஊதுங்களேன். என் முகத்தைப் பார்த்துக்கிட்டே ஊதுங்க. நான் நாளைக்கு உங்க பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பாலிங்குக்கு வர்றேன்.

அவர் ஒரு மூடியின்மேல் விரலை வைத்தார். வைத்துவிட்டு எடுத்தார். காத்திருந்தார். பிறகு இன்னொரு மூடியைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒவ்வொன்றாக எல்லா மூடிகளையும், பிள்ளை நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல், மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். பலகையின் மூலைக்கு விரல் போனது. அங்கே மரம்தான் இருந்தது. அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நகம் வெளுத்தது.

"எரியல," என்றார்.

"என்னப்பா?"

"எரியல புள்ள. பேட்டரி முடிஞ்சிருச்சு போல." பலகையின் ஓரம் முழுக்க விரலை ஓட்டி, சார்ஜர் செருகுகிற ஓட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "நான் ஒன்னும் ஒடைக்கல. தானாதான் நின்னுபோச்சு."

ரூபினியின் கை என் புடவையைப் பிடித்திருந்தது. சின்னப் பிள்ளையில் கூட்டத்தில் பிடிப்பாளே, அதே பிடி. அவள் அழவில்லை. போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள். வெளிச்சத்தை உள்ளங்கையால் குறுக்கி, அவருடைய மூடிகளில் ஒன்றின்மேல் காட்டினாள். பிறகு அது போக வேண்டிய கட்டத்தின்மேல் காட்டினாள்.

அவர் முகம் தெளிந்தது. மூடியை அந்த வெளிச்சத்துக்குள் தள்ளினார். குனிந்தபோது சட்டைப் பைக்குள் சாவி சலசலத்தது.

"பாத்தியா," என்றார் என்னிடம், "வந்துருச்சு."

"வந்துருச்சுங்க," என்றேன்.

என் முறை. எதையோ நகர்த்தினேன். ரூபினி வெளிச்சத்தை நகர்த்தினாள், அவர் அதன் பின்னாலேயே போனார். மறுபடி வெளிச்சம், மறுபடி விரல். மழை விடவில்லை. அவர் ஊதாமல் விட்ட என் மூடி, துருப்பிடித்த முதுகைக் காட்டிக்கொண்டு, பலகை நடுவில் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றிக்கொண்டு போனது.