நடக்கணுமாம்

டாக்டரம்மாவின் மேஜையை ஒட்டியிருந்த நாற்காலியில் தையல்காரம்மா போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும், எந்த டாக்டரிடம் போனாலும், அது அவள் புருஷனுடைய இடம். வியாதி அவளுடையது, பேச்சு அவருடையது. பெரிய ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். பிழைக்க வந்த ஊரின் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குத் தமிழ் மட்டும்தான்.

"இடுப்பு உயிர் போகுது, புரண்டு படுக்க முடியலைன்னு சொல்லுங்க" என்று அப்போதெல்லாம் கெஞ்சுவாள். அவர் ஏதோ சொல்வார். டாக்டர் சிரிப்பார், பிறகு நெடுநேரம் பேசுவார். வெளியே வந்ததும் புருஷன் அத்தனையையும் ஒற்றை வார்த்தையாகப் பிழிந்து கொடுப்பார்: "நடக்கணுமாம்."

நடந்தாள். கடைசியில் யாரோ எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது, இடுப்பு எலும்பு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது.

இந்த வருஷம் அவர் மூளையில் ரத்தம் உறைந்து அடைத்தது. உயிரையும் தமிழையும் விட்டுவைத்து, ஊர் பாஷையை மட்டும் வழித்தெடுத்துப் போனது. அவரைக் குளிப்பாட்ட வந்த நர்ஸோடு பேசி மல்லுக்கட்டி, தப்பும் தவறுமாக அந்தப் பாஷையை இவள் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் மெட்டுபோல அவள் காதிலேயே தங்கியிருந்தது. ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது அது தானாக அர்த்தமாயிற்று. அன்றைக்கு ஒரே டம்ளரை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

இன்றைக்கு வியாதி அவருடையது. "தோள் கழண்டு விழுற மாதிரி வலிக்குதுடி. தூக்கமே இல்லை. சொல்லு சீக்கிரம்!"

"இருங்க, பேச விடுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றாள் டாக்டரம்மா.

தையல்காரம்மா அதே வாக்கியத்தை, அதே மெட்டில், கடைசியில் வரும் அந்தச் சின்னச் சிரிப்போடு சொன்னாள்: "ஒண்ணுமில்லை டாக்டர். இவருக்கு எதையும் ஊதிப் பெரிசாக்குற பழக்கம்."

டாக்டரம்மா சிரித்தாள். பிறகு, வலி நிஜமாகவே இருந்தால் இப்போதே ஊசி போடலாம், வீட்டுக்கு மாத்திரையும் தரலாம் என்று பொறுமையாக விளக்கினாள். தையல்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"தேவைப்படாதுங்க" என்று எழுந்தாள்.

நடைவழியில் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்னடி சொன்னா?"

"நடக்கணுமாம்."

"அவ்வளவு நேரம் பேசினாளே!"

"என் டாக்டரும் அவ்வளவு நேரம்தான் பேசினாரு."

அவர் பிடி தளர்ந்தது.

வாசலில் டாக்ஸி காத்திருந்தது. தையல்காரம்மா அதை அனுப்பிவிட்டு, கோணல் இடுப்போடு முன்னால் நடந்தாள்.